குமரிச் சாலைகளில் ஒரு மலிவு விலை ஹெல்மெட் இன்டர்காம்

நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்குத் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சாலையின் குணம் நன்றாகத் தெரியும். பார்வதிபுரம் மேம்பாலம் இறங்கியதும் சுங்கான்கடை, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி என்று கடைகளும் வளைவுகளும் மாறி மாறி வரும். தேசிய நெடுஞ்சாலைதான், ஆனால் பல இடங்களில் அகலம் போதாது. கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகும் டாரஸ் லாரி, களியக்காவிளை பஸ், பள்ளிக்கூட வேன், மீன் பெட்டி கட்டிய மொபெட் எல்லாம் ஒரே நேரத்தில் இதில்தான் ஓடுகின்றன.

நானும் மனைவியும் காலையில் சேர்ந்தே கிளம்புகிறோம். அவளுக்குத் தக்கலையில் பள்ளிக்கூட வேலை, எனக்கு மார்த்தாண்டத்தில் வேலை. அவள் ஸ்கூட்டரில், நான் பைக்கில். இவ்வளவு நாள் பஸ்ஸில் போனவள் இந்த வருஷம்தான் ஸ்கூட்டருக்கு மாறினாள். நான் முன்னால் போனால் என் கண் பாதி நேரம் கண்ணாடியிலேயே இருக்கும். அவளை முன்னால் விட்டால், லாரி நெருங்கும்போது ஹாரன் அடித்துத்தான் சொல்ல முடியும். அந்த ஹாரன் யாருக்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு, வண்டி ஓட்டியபடியே ஒருவரோடு ஒருவர் பேச உதவும் இன்டர்காம் கருவியை வாங்கும் எண்ணம் வந்தது இதனால்தான். பாட்டு கேட்பதற்கோ லடாக் போவதற்கோ இல்லை.

கார்டோ, சேனா போன்ற பெயர் பெற்ற கம்பெனிகளின் உயர்வகை மாடல்கள் ஒன்றுக்கே இருபதாயிரத்தைத் தாண்டும். அவற்றில் மெஷ் என்ற தொழில்நுட்பம் உண்டு. பத்துப் பேர் கூட்டமாகப் போனாலும், ஒருவர் விலகிப் போய்த் திரும்பி வந்தாலும் தொடர்பு தானாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டே பேருக்கு அது தேவையில்லை. ஒன்று மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக, சாதாரண ப்ளூடூத்தில் இயங்கும் ஒரு ஜோடி வாங்கினோம். பெட்டியில் 500 மீட்டர் எட்டும், மழை தாங்கும், பத்து மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றெல்லாம் போட்டிருந்தது.

மாட்டுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு விரல் அகலம் தள்ளிப் போனாலும் சத்தம் பாதியாகிவிடும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு காது எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மனைவி ஒரு வழி சொன்னாள். கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்துக் காது மடலில் தடவிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டி, ஒரு நிமிடம் வைத்துக் கழற்றினாள். உள்துணியில் இழுபட்ட கோட்டின் முடிவில் காது நின்ற இடம் மஞ்சளாக அழுத்திப் பதிந்திருந்தது. அதற்கு நேரே ஸ்பீக்கரைப் பிடிக்கும் வெல்க்ரோவை ஒட்டினோம். நான் நினைத்திருந்த இடத்தைவிட அது நன்றாகவே கீழே இருந்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விலை குறைந்த ஹெல்மெட்டுகளில் ஸ்பீக்கருக்கென்று குழி இருக்காது. அதற்காக உள்ளே இருக்கும் தெர்மோகோலைச் சிலர் கத்தியால் சுரண்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடி விழும்போது நசுங்கி, மண்டைக்குப் போகும் வேகத்தை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மோகோல்தான். ஐஎஸ்ஐ முத்திரைக்காக ஹெல்மெட்டைச் சோதிப்பது முழுக் கனம் உள்ள தெர்மோகோலோடுதான். ஸ்பீக்கர் காதை அழுத்தினால் கன்னத்துப் பஞ்சைக் கழற்றி அதன் பின்னால் வையுங்கள், அல்லது வேறு ஹெல்மெட் பாருங்கள்.

என்னுடையது முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். அதில் தாடைப் பக்கம் பட்டன் அளவு மைக் ஒட்ட வேண்டும். அவளுடையது முகம் திறந்தது; அதற்குக் கம்பி மாதிரி வளையும் மைக். முதல் நாள் பார்வதிபுரம் பாலத்தில் ஏறியதும் எனக்குக் கேட்டது காற்றின் இரைச்சல் மட்டும்தான். அவளுக்கோ என் குரல் தெளிவாகக் கேட்டிருக்கிறது, அதனால் நன்றாக வேலை செய்கிறது என்றே நினைத்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். மைக்கில் காற்று புகுந்தால் அவதி பேசுகிறவருக்கு இல்லை, கேட்கிறவருக்கு. இரண்டு பேரும் ஒருவர் மற்றவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் சரிசெய்ய முடியும். வளையும் மைக்கில் ஒரு பக்கம் சின்ன வெள்ளைக் குறி இருக்கும். அந்தப் பக்கம் உதட்டைப் பார்த்து, உதட்டின் ஓரத்தைத் தொடும் அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அப்படி வைத்து, வைசரையும் (முகத்துக்கு முன்னால் வரும் கண்ணாடி) இறக்கிவிட்ட பிறகு ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரை அவள் பேச்சு சுத்தமாகக் கேட்டது. எங்கள் சாலையில் அதற்கு மேல் போக இடமும் இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம் பிடிபட்டது. இரைச்சலைக் குறைப்பதற்காக, யாரும் பேசாதபோது மைக்கை இந்தக் கருவி மூடி வைத்துவிடுகிறது. குரல் வந்ததும் திறக்கும். திறக்கிற அந்த நொடியில் முதல் அசை விழுந்துவிடும். அவள் "லாரி வருது" என்றால் எனக்கு "ரி வருது" என்றுதான் வரும். அவசரத்தில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒரே சொல்தான், அதன் தலையே போய்விட்டால் என்ன செய்வது? இப்போது அவள் எதைச் சொன்னாலும் "ஏங்க" என்று தொடங்குகிறாள். நான் "கேளு" என்று தொடங்குகிறேன். விழ வேண்டியது அந்தச் சொல்லில் விழுந்துவிடும், மிச்சம் முழுசாக வரும்.

"ஏங்க, பொறத்த ஒரு டாரஸ் வருது. ஒதுங்கிக்கிடுங்க."

"கேளு, நான் கடை முன்னால ஒதுங்குதேன். நீ நிக்காத, மெல்ல வா."

வில்லுக்குறி வளைவில் இப்படி ஒரு வாக்கியம் சரியான நேரத்தில் வந்தாலே, கொடுத்த காசுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

போனை இதோடு இணைப்பது பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இந்த மாதிரிக் கருவிகளில் போன் அழைப்புக்குத்தான் முதல் இடம், அதற்குப் பிறகுதான் இன்டர்காம், கடைசியில் பாட்டு. அழைப்பு வந்தால் கூட வருகிறவரின் குரல் அறுந்துவிடும். எங்களுடைய மாடல் சில மணியடிப்புகளுக்குப் பிறகு தானாகவே போனை எடுத்தும்விடும். புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கடன் விளம்பர அழைப்பு உள்ளே வந்து, மனைவியின் குரல் நின்றுபோனது. அன்று மாலையே போன் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். தெரியாத ஊரில் மேப் வழி சொல்ல வேண்டும் என்றால் மட்டும் இணைக்கிறேன். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, கவனமும் சாலையில் இருக்காது.

பெட்டியில் போட்டிருந்த 500 மீட்டர் உண்மைதானா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். திருவட்டாறு பக்கம் பறளியாற்றின் குறுக்கே, இரண்டு குன்றுகளுக்கு நடுவே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோக காமராஜர் காலத்தில் திட்டமிட்டு, 1966-இல் கட்டி முடித்த பாலம். உயரம் 115 அடி. முந்நூறு மீட்டருக்கும் மேல் நேர்கோடாகப் போகும், நடுவில் மரமோ சுவரோ மறைக்காது. மாவட்டத்தில் இந்தச் சோதனைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு முனையில் ஹெல்மெட்டோடு நின்றாள், நான் ஹெல்மெட்டோடு மறுமுனைக்கு நடந்தேன். எதிரே வந்த ஒரு பெரியவர் நிறுத்தி, "என்னது தம்பி, ஆபீசர்மாரா? பாலத்தப் பரிசோதிக்கவா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் என் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, என் மனைவியிடம் ஊர் எது, என்ன வேலை என்று விசாரித்து முடித்த பிறகுதான் திருப்பித் தந்தார்.

மறுமுனை வரை பேச்சு அறுபடவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். கருவி ஹெல்மெட்டின் இடது பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் அவளைப் பார்த்து இருந்தால் தெளிவு. ஆற்றைப் பார்க்கத் திரும்பி, என் தலை நடுவில் வந்துவிட்டால் கரகரப்பு. ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஒரு தலையே இவ்வளவு தடுக்கும் என்றால் நனைந்த மரங்கள் என்ன செய்யும்?

அதற்கான பதில் அன்று மதியமே கிடைத்தது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்கு ஏறும் சாலை ரப்பர் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவு நடுவில் வந்தால் கரகரப்பு, இரண்டாவது வளைவில் குரல் போய்விட்டது. இடைவெளி நூறு மீட்டர்கூட இருக்காது. கொஞ்சம் நின்றால் தானாகச் சேர்ந்துகொள்கிறது. ரொம்ப நேரம் பிரிந்திருந்தால் பொத்தானை அழுத்தித்தான் சேர்க்க வேண்டும். ஆக, குமரி மாவட்டத்துச் சாலைகளில் 500 மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகக் காசு கொடுப்பதில் அர்த்தம் இல்லை என்பதே என் கணிப்பு. இங்கே நேராக அவ்வளவு தூரம் தெரிகிற சாலை எத்தனை இருக்கிறது? அந்தக் காசை நல்ல மைக்குக்குக் கொடுக்கலாம்.

அணைக்கு அருகே மழை பிடித்தது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டத்தில் வண்டிச் சாமான் மழைக்குத் தாங்காவிட்டால் ஆறு மாதம் பெட்டிக்குள்தான் இருக்கும். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடியை நன்றாக அழுத்தி மூடியிருந்தேன். நனைந்தது அவளுடைய மைக்கின் நுரையுறை. அது தண்ணீர் குடித்ததும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல அமுங்கிப் போனது குரல். ஒரு சாயாக் கடையில் ஒதுங்கி, உறையைக் கழற்றிப் பிழிந்து, கைக்குட்டையில் ஒற்றி எடுத்து மாட்டினோம். சரியாகிவிட்டது. அந்த உறை கைவசம் இன்னொன்று இருப்பது நல்லது.

காற்றுக்கு இந்த மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிதான் பரீட்சை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவத்தில் காற்று அப்படியே பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓட்டினோம். ஆரல்வாய்மொழி தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளத் தொடங்கியது. இங்கே இன்டர்காம் தோற்றது என்றே சொல்ல வேண்டும். காற்றைக் குரல் என்று எடுத்துக்கொண்டு மைக் மூடவே இல்லை, காதில் ஓயாத இரைச்சல். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தமே 90 டெசிபலைத் தாண்டிவிடும். 85-க்கு மேல் நீண்ட நேரம் கேட்டால் காதுக்குக் கேடு. அதற்கு மேல் ஸ்பீக்கரையும் முழுச் சத்தத்தில் வைப்பது சரியில்லை. அணைத்துவிட்டோம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் எல்லா வண்டிக்காரர்களையும் போல நிறுத்திக் கும்பிட்டு, திரும்பி வரும்போது தோவாளைக்குப் பிறகுதான் மறுபடி போட்டோம்.

மார்த்தாண்டம் மேம்பாலம் பற்றிப் பலர் என்னிடம் கேட்டார்கள், இரும்புப் பாலமாயிற்றே, அலை பாதிக்குமா என்று. அருகருகே போகும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சார்ஜ் விஷயத்திலும் குறையில்லை. திங்கள் காலை முழுசாக ஏற்றினால் வேலைநாள் முழுக்க ஓடுகிறது, வெள்ளி மாலை லேசாக எச்சரிக்கை ஒலி வரும். முட்டம், மண்டைக்காடு, குளச்சல் என்று கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகிறவர்கள் மட்டும் சார்ஜ் துளையையும், கருவியை ஹெல்மெட்டோடு பிடித்திருக்கும் கிளிப்பின் திருகையும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் எங்கள் கிளிப்பின் திருகு துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. துளி எண்ணெய் தொட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது மச்சினன் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான், ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பட்டணம் வரை மூன்று வண்டியாகப் போகலாம் என்று. எங்கள் மாடலில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் பேச முடியும், மூன்றாவது ஆளைச் சேர்க்க வழியில்லை. அதனால் நான்கு பேர் வரை பேசக்கூடிய வேறு மாடலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மீட்டர் எட்டும் என்பதை இல்லை. மைக்கின் நுரையுறை தனியாகக் கிடைக்குமா, போன் தானாக எடுப்பதை நிறுத்தி வைக்க முடியுமா, இந்த இரண்டைத்தான்.