செம்பருத்தியில் எண்ணிய வெள்ளைப் புள்ளிகள்: பத்து வாரக் குறிப்பு

பிப்ரவரி 2, ஞாயிறு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் மாடி வீட்டு வராந்தாவிலும் கூடத்திலுமாக 22 தொட்டிகள் இருக்கின்றன. இன்று காலை செம்பருத்தியைத் தொட்டதும் கை பிசுபிசுத்தது. சர்க்கரைப் பாகு சிந்தியதுபோல இலைகளில் ஒரு மினுமினுப்பு. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் வளர்ந்த என் மாமியார் வந்து தடவிப் பார்த்தார். “ஏம்மா, மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்தாலும் இலை இப்படித்தான் ஒட்டும். இலைக்கு மேலே தேடாதே, சாறு குடிக்கிறது வேறு எங்காவது ஒளிந்திருக்கும்” என்றார்.

குருத்து சுருண்டிருந்தது. விரித்துப் பார்த்தால், காம்பு தண்டோடு சேரும் கவட்டில் பஞ்சைக் கிள்ளி வைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. ஒரு பொதியைத் தையல் ஊசியால் பிரித்தேன். உள்ளே இளஞ்சிவப்பில், ரவையைவிடச் சிறிய முட்டைகள் ஒட்டிக் கிடந்தன. கண்ணுக்குத் தெரிந்த பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதினேன்: 63.

தை மாதம் ஒரு நர்சரியில் வாங்கிய இன்னொரு செம்பருத்தியை அன்றே இதன் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதன் அடித்தண்டிலும் இதே வெள்ளை இருக்கிறது. வாங்கும்போது பூவை மட்டும்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 3

வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தேன். சோப்பு திரிந்து வெள்ளைத் துணுக்குகளாக மிதந்தது, எண்ணெய் தனியே மேலே நின்றது. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் கடினம் அப்படி. ஒகேனக்கல் குடிநீரைப் பிடித்து, முதலில் சோப்பைக் கரைத்து, பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கியபோது பால்போலக் கலந்தது. இந்த ஊரில் வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அவசரப்பட்டுப் பதினொரு மணி வெயிலில் தெளித்துவிட்டேன். மறுநாளே நான்கு இலைகளின் ஓரம் கருகியது. இனி மாலை ஐந்தரைக்குப் பிறகுதான்.

பிப்ரவரி 9

எண்ணிக்கை 48. அடர்த்தியான இடங்களில் கரைசல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுகிறது. உடம்பில் இருக்கும் மெழுகுதான் அதற்குக் கவசம். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். தொட்ட நொடியில் வெள்ளை கரைந்து, உள்ளிருக்கும் உடம்பு பழுப்பாகத் தெரிகிறது. ஒரு செடிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. முதலில் ஓர் இலையில் தொட்டுவைத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இலைகளுக்குப் போனேன்.

பிப்ரவரி 16

57. ஏறியிருக்கிறது. மனம் விட்டுப்போனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது பெரியவை குறைவு. கடுகில் பாதிகூட இல்லாத, இன்னும் மாவு பூசாத குஞ்சுகள் தண்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. போன வாரம் தப்பிய பொதிகள் பொரித்துவிட்டன. மெழுகு மூடாத இந்தப் பருவத்தில்தான் வேப்பெண்ணெய் பிடிக்கும். இனி ஏழு நாளுக்கு ஒரு முறை, விடாமல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தொட்டி வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டின் காலில் எறும்பு வரிசை. இலையில் பிசுபிசுத்தது மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற இனிப்புத் திரவம்; அதற்காக எறும்புகள் மாவுப்பூச்சியைக் காவல் காக்கின்றன. தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன. ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளை ஒன்று எறும்புக்குப் பாலமாக இருந்தது, அதை வெட்டினேன். கொசு வராமல் இருக்க மூன்று நாளுக்கு ஒரு முறை கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுகிறேன்.

பிப்ரவரி 23

21. சுருண்ட குருத்துகளை வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 2

கூடத்து ஜன்னலோரக் குரோட்டன் வெளிறிக்கொண்டே போகிறது. இலை முழுக்க ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளிகள். இதுவும் மாவுப்பூச்சியின் வேலை என்று நினைத்துப் பத்து நாளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்த, செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்தை வேரில் ஊற்றியிருந்தேன். செடி இன்னும் மோசமானது.

வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டினேன். மிளகுத்தூள் விழுந்ததுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் தூள் நடக்கத் தொடங்கியது. விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு. காம்படியில் மெல்லிய நூலாம்படை. இது செம்பேன்.

வேளாண் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் கேட்டேன். “அத்தை, அதற்கு எட்டுக் கால், சிலந்தி இனம். நீங்கள் ஊற்றிய இமிடாகுளோப்ரிட் அதைக் கொல்லாது. சில செடிகளில் அதை ஊற்றிய பிறகு பேன் பெருகுவதும் உண்டு” என்றாள். என்ன பூச்சி என்று பார்க்காமல் மருந்து கொடுத்தது என் தவறு. அந்தக் குரோட்டன் என் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டில் வளர்ந்தது. இன்று முழுவதும் அதே வருத்தம்.

கந்தகத்தூள் கரைசல் செம்பேனுக்குக் கேட்கும். ஆனால் மார்ச் வெயிலில், அதுவும் எண்ணெய் தெளித்த கையோடு, அது இலையைப் பொசுக்கிவிடும். அதனால் தண்ணீரை நம்பினேன். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டி வாயைத் துணியால் கட்டி, கைக்குழாயால் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் வேகமாகக் கழுவினேன். வெயில் காலத்தில் இதன் ஒரு தலைமுறை ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்பதால், மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவுவது என்று முடிவு.

மார்ச் 9

குரோட்டன் கழுவல் மூன்றாம் தடவை. தாளில் இரண்டே புள்ளிகள்.

செம்பருத்தியில் ஒரு பெரிய மாவுப்பூச்சி. சாதாரணமாக மூன்று மில்லிமீட்டர் இருக்கும். இது ஒரு சென்டிமீட்டர். முதுகில் வெள்ளை மெழுகுத் திரிகள் நீண்டு கலைந்து தொங்கின. ஸ்பிரிட் குச்சியோடு போன கை பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அது ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: நேராக ஒரு முட்டைப் பொதிக்குப் போய், தலையை உள்ளே நுழைத்துத் தின்னத் தொடங்கியது. படம் அனுப்பியதும் அண்ணன் மகள் உடனே அழைத்தாள். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுவாம். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. இரையைப் போலவே வேடம் போட்டு அதையே தின்கிறது. இன்னும் இரண்டு புழுக்கள் கண்ணில் பட்டன. எறும்பு வரிசை இருந்திருந்தால் இவை தங்கியிருக்குமா என்று தெரியவில்லை.

செம்பருத்திக்குத் தெளிப்பதை இன்றோடு நிறுத்திவிட்டேன்.

மார்ச் 16

9.

மார்ச் 30

4. காப்பிக்கொட்டை நிற இறக்கையும் ஆரஞ்சுத் தலையுமாக ஒரு வண்டு இலையடியில் உட்கார்ந்திருந்தது. மாமியாரை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 13

செம்பருத்தியில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, வண்டுகளும் போய்விட்டன. குரோட்டன் இரண்டு புது இலை விட்டிருக்கிறது. யூரியா போடுவதை விட்டுவிட்டேன். அதில் தளதளவென்று வரும் இளங்குருத்தைத்தான் சாறு உறிஞ்சிகள் முதலில் தேடி வருகின்றன. செவ்வாய்க்கிழமைகளில் கூடத்துச் செடிகளின் இலைகளை ஈரத்துணியால் இருபுறமும் துடைக்கிறேன்.

போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போன மாமியார் ஒரு மல்லிகைக் கன்று வாங்கி வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் தனியாக வைத்திருக்கிறேன். மே 4 வரை அது அங்கேதான் இருக்கும்.