என்ற தலை எங்கீங்க?

"ஏனுங்க சார், என்ற தலை எங்கீங்க?"

பேப்பரில் வந்த தன் படத்தைப் பார்த்துவிட்டு, போனில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். திட்டியிருந்தால் 'இடம் பத்தலைங்க' என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன்.

2019இல் எங்கள் பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்துக்கு ஒரு செய்தி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பற்றி. மொத்தம் 18,000 ரூபாய். அப்போது முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்திருக்க வேண்டும். நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிப்போட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் செய்தி. போட்டோகிராபர் அண்ணன் பல்லடம் பக்கம் போய், கேட்டு, இரண்டு பேரை எடுத்து வந்திருந்தார். ஒருவருக்கு மூன்றாம் மாதம். பனியன் கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவருக்கு எட்டு.

முதல் படத்தைத்தான் வைத்தேன். "இதுல கர்ப்பிணி எங்கப்பா?" என்றார் பொறுப்பாசிரியர். அந்த மாதத்தில் வயிறு தெரியாதுங்க, தெரியாததால்தான் பதியாமலும் விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். இப்போது கோர்வையாக வருகிறது. அப்போது மணி எட்டே முக்கால், பக்கம் போக வேண்டும். இரண்டாவது படத்தை எடுத்தேன். இருந்த இடம் இரண்டு பத்தி அகலம், உயரம் கம்மி. கழுத்தோடு வெட்டினேன். மிச்சம் இருந்தது வயிறு, அதன்மேல் இரண்டு கை, வளைகாப்பு வளையல்.

காரணம் கேட்டால் என்னிடம் நிறைய உண்டு. படம் வந்து திருஷ்டி பட்டுவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கர்ப்பம் என்றாலே எல்லாப் பேப்பரிலும் தலையில்லாத வயிறுதான், நான் மட்டுமா? 1991இல் ஹாலிவுட் நடிகை டெமி மூர் ஏழு மாத வயிற்றோடு வேனிட்டி ஃபேர் பத்திரிகை அட்டையில் நின்றதற்கு அமெரிக்காவிலேயே அவ்வளவு ரகளை. ஆனால் அந்த அட்டையில் முகம் இருந்தது. யாரும் வெட்டவில்லை.

இந்தப் பெண்ணும் சம்மதித்துத்தான் முகத்தைக் காட்டியிருந்தார். போனில் தன் பாட்டி கதையையும் சொன்னார். "எங்க அமுச்சிக்குக் காட்டலாம்னு ரெண்டு பேப்பர் வாங்குனேனுங்க. வளையலப் பாத்துத்தான் நாந்தான்னு நம்புச்சு. மூஞ்சி நல்லா இல்லீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க அம்மிணி" என்றேன். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

2021இல் கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் வந்தது. சில பிரிவுப் பெண்களுக்கு மட்டும் வரம்பு 20 வாரத்திலிருந்து 24 ஆனது. பக்கம் போட்ட பையன் கம்ப்யூட்டரில் 'கர்ப்பிணி' என்று தேடி, கிடைத்ததை வைத்தான். அதே வயிறு. கீழே 'கோப்புப் படம்'. ஆறு மாதத்துச் செய்திக்கு எட்டு மாதம் என்பதையாவது சொல்லியிருக்கலாம். புரூஃப் என் மேஜைக்கு வந்தபோது, நல்லவேளை தலையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று வெட்டியது சரிதான் போலிருக்கிறது என்றுகூட. முகத்தோடு அந்தச் செய்தியில் வந்திருந்தால் ஊரில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்.

அவருக்கு அப்போது குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். அமுச்சி பேப்பர் பார்க்கிறவரா, தெரியாது. போன் எதுவும் வரவில்லை.

கையெழுத்துப் போட்டுப் புரூஃபை அனுப்பினேன். வளையல் ஞாபகம் வந்தது பக்கம் அச்சுக்குப் போன பிறகுதான் என்று போட்டோகிராபர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அப்படித்தானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.