தலையில் துணிக்கூடை

இரண்டு நாளாக மேகி வாக்கர் நினைப்பாகவே இருக்கிறது. அமெரிக்காவில், ரிச்மண்ட் நகரில், அவருடைய அம்மா ஊராருக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர். அந்தத் துணிக்கூடையைச் சுமந்து வளர்ந்த பெண் 1903இல் அதே ஊரில் வங்கி திறந்தார். அந்நாட்டில் வங்கி நிறுவிய முதல் கறுப்பினப் பெண். அப்போது அவருக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது.

செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க். பெயரிலேயே பென்னி, நம்ம காலணா மாதிரி! முதல் நாள் ஒருவர் வெறும் 31 சென்ட்டோடு வந்து கணக்கு தொடங்கினாராம். பிள்ளைகளுக்குச் சின்ன அட்டை உண்டியல். நூறு பென்னி சேர்ந்ததும் சொந்தக் கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம் பெருமந்தம் என்ற பெரிய பொருளாதாரச் சரிவு. ஊரெல்லாம் வங்கிகள் மூழ்க, இவர் மற்ற கறுப்பர் வங்கிகளோடு இணைத்துத் தன் வங்கியைக் காப்பாற்றினார், சக்கர நாற்காலியில் இருந்தபடியே.