காற்றில்லாத குளிர் நாட்கள்

பின்லாந்தின் எஸ்போ நகரில் குடியேறி எங்களுக்கு அது இரண்டாவது வருடம். 2022 ஆகஸ்ட்டில், வரும் குளிர்காலத்தில் மின்வெட்டுக்குத் தயாராக இருங்கள் என்று ஃபிங்கிரிட் சொன்னது. பின்லாந்து முழுவதற்கும் உயரழுத்த மின்கட்டமைப்பை நடத்தும் நிறுவனம் அது. கோவையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது நம்பவே இல்லை. "அங்கயுமா கண்ணு கரண்ட் போகும்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

காரணம் தெளிவாகவே இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் அந்த மே 14 அன்று நின்றுபோனது. நாட்டின் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது. 2009-இலேயே ஓடியிருக்க வேண்டிய ஒல்கிலூட்டோ மூன்றாவது அணு உலை, 1600 மெகாவாட், இன்னும் சோதனை ஓட்டத்தில்தான் இருந்தது. அக்டோபரில் அதன் பம்புகளில் விரிசல் என்ற செய்தியும் வந்தது.

மின்வெட்டு எனக்குப் புதிதில்லை. 2012-இல் கோவையின் கணபதிப் பகுதியில் அப்பாவின் லேத் பட்டறை ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்திருப்பார்கள். சில நாள் நடுராத்திரியில் எழுந்து போய் வேலையை முடித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கரண்ட் போனால் வியர்க்கும், மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இங்கே எங்கள் வரிசை வீட்டில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஹீட்டர்கள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. வெளியே மைனஸ் இருபது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்த இலையுதிர் காலம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பயத்தைக் குறைத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டிதான். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு நாள் தன் அலமாரியைத் திறந்தே காட்டினார். இங்கே ஒவ்வொரு வீடும் 72 மணி நேரம் வெளி உதவியில்லாமல் சமாளிக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பேட்டரி ரேடியோ, டார்ச், மெழுகுவர்த்தி, மருந்து, கொஞ்சம் பணம், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு. அவர் அலமாரியில் கம்பு ரொட்டியும் டின் மீனும் இருந்தன. எங்கள் அலமாரியில் அவல், வெல்லம், பொட்டுக்கடலை, பேரீச்சை. பார்த்துவிட்டு அவலை ஒரு பிடி வாயில் போட்டு மென்றார், நல்ல யோசனை என்றார்.

வெட்டு வந்தால் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பிறகு அடுத்த பகுதிக்கு என்று மாறும். இந்தத் தடித்த சுவர்கள் அதற்குள் ஆறிவிடாது என்று அவர்தான் விளக்கினார். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் போதும். கரண்ட் திரும்பியதும் எல்லா ஹீட்டரையும் ஒன்றாகப் போடக்கூடாது, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இல்லையென்றால் எல்லா வீட்டுச் சுமையும் ஒரே நொடியில் கம்பியில் விழும். கடைசியில், "என் வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக வந்துவிடுங்கள்" என்றார். மொழி அரைகுறையாகப் புரிந்த ஊரில் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அக்டோபரில் 'ஒரு டிகிரி கீழே' என்ற பிரசாரம் தொடங்கியது. வீட்டுச் சூட்டைக் குறையுங்கள், குளியலைச் சுருக்குங்கள், காலை எட்டிலிருந்து பத்து வரையும் மாலை நான்கிலிருந்து எட்டு வரையும் பெரிய சாதனங்களைத் தவிருங்கள் என்றார்கள். சானா என்னும் சூடான நீராவி அறைக் குளியலைக்கூடக் குறைத்தார்கள், அது இந்த மக்களுக்குச் சின்ன விஷயமே இல்லை. நாங்கள் வீட்டை 19-இல் வைத்தோம். உடனே இட்லி மாவு பொங்குவது நின்றது. அப்புறம் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். வாரம் ஒரே நாள், சனிக்கிழமை இரவு சானா. அது அணைந்து சூடு தணிந்ததும் மாவுப் பாத்திரத்தைக் கீழ்ப் பலகையில் வைத்துக் கதவைச் சாத்துவாள். ஞாயிறு காலை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

நிலையான விலை ஒப்பந்தம் கட்டுப்படியாகாததால் மணிக்கு மணி மாறும் சந்தை விலைக்குப் போயிருந்தோம். மதியம் இரண்டு மணிக்கு மறுநாள் விலை வரும். கொஞ்ச நாளில் விலையைப் பார்க்கும் முன்பே மரங்களைப் பார்க்கப் பழகினேன். காற்றடித்தால் மலிவு. கடுங்குளிர் நாட்களில் பெரும்பாலும் ஓர் இலைகூட அசையாது, காற்றாலைகள் நிற்கும், விலை ஏறும். ஊரிலும் இதே கதைதானே. ஆடிக் காற்று ஓய்ந்து காற்றாலை சீசன் முடிந்தால் வெட்டு நீளும் என்று அப்பா சொல்லுவார்.

அந்தக் குளிர்காலத்தில் வெட்டு வரவில்லை. மக்கள் உண்மையாகவே குறைத்தார்கள், கடுங்குளிரும் நீடிக்கவில்லை. 2023 ஏப்ரலில் ஒல்கிலூட்டோ முழு உற்பத்திக்கு வந்தது. அலமாரியை நாங்கள் கலைக்கவில்லை, அவலை மட்டும் அவ்வப்போது புதிதாக மாற்றுகிறோம்.

2024 ஜனவரி 5. நாடே உறைந்து கிடந்தது. காற்றில்லை. இரவு ஏழிலிருந்து எட்டு வரை ஒரு யூனிட் 2 யூரோ 35 சென்ட். ஆறரைக்கே ஹீட்டர்களை இறக்கிவிட்டு, தோசை மாவுத் தூக்கோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். பாட்டியின் விறகு அடுப்பின் மேல்தட்டில் வார்ப்பிரும்புக் கல்லைப் போட்டு மனைவி தோசை வார்த்தாள். மகள் அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பாட்டியிடம் ஃபின்னிஷில் என்னவோ விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு நாங்கள் கிளம்பும்போது அவள் தூங்கியிருந்தாள்.