நாலு வருஷம் கழிச்சு?

"நாலு வருஷம் கழிச்சு கையில என்ன சார் இருக்கும்?" என்று ஐடிஐயில் என்னிடம் படித்த பையன் ஒருவன், ராணுவத்தில் நாலு வருஷ அக்னிவீர் வேலைக்குப் போவது பற்றிக் கேட்டான். "தொழில் இருக்கும்டா, அதை எவன் பிடுங்குவான்?" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஃபிட்டர் இரண்டாம் வருடம், 2023. அவன் அரத்தால் ராவிய இரும்புத் துண்டில் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நடுவில் மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியாது. ஓசூர் கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸ் வாய்ப்பும் வந்திருந்தது. நான்தான் அக்னிவீரில் டெக்னிக்கல் பிரிவுக்குப் போ என்றேன். ஐடிஐ முடித்தவர்களுக்கு போனஸ் மதிப்பெண் என்று அந்த வருடம்தான் அறிவித்திருந்தார்கள்.

அவன் அம்மா பாலக்கோட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000 பிடித்தம். அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று விளக்கினேன். "அதுல பாதி அவன் காசுதானேங்க சார்?" என்றார். சரியான கணக்கு. நான் பேச்சை மாற்றி, 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாவார்கள் என்றேன். மற்றவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

நான் ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இஎம்இ பிரிவில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக வந்தவன். பென்ஷனுக்கு 15 வருட சர்வீஸ் வேண்டும். எனக்கு இருந்தது, அவனுக்கு அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்றையும் அவனிடம் சொல்லவில்லை. கடைசி ஐந்து வருடம் நான் அரத்தைத் தொட்டதே கிடையாது. ஸ்டோர் லெட்ஜர், காவல் டூட்டி, அவ்வளவுதான். ஊர் திரும்பியபின் கை பழைய பதத்துக்கு வர மாதக்கணக்கில் ஆனது. அப்படியிருக்க, தொழிலை எவன் பிடுங்குவான் என்று எந்த வாயால் சொன்னேன்?

ஆனால் பொய்யென்றும் சொல்ல முடியவில்லை. லடாக்கின் லே குளிரில் ஸ்டாலியன் ராணுவ லாரியின் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவனுக்கு எந்தப் பட்டறைக்குள் நுழையவும் பயம் இருக்காது. அதை எனக்குக் கொடுத்தது பட்டாளம்தான். அவனோடு படித்து ஓசூர் போனவனும் இன்னும் கான்ட்ராக்ட்தான். அவனுக்கு மட்டும் கையில் என்ன இருக்கிறது?

பட்டாளத்துக்குப் போனவன் போன மாதம் போன் செய்தான். "இங்க டூட்டிதான் சார் ஜாஸ்தி, டூல்ஸ் எடுக்கறது கம்மி." குறையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "லீவுல வந்தா நம்ம பட்டறையில ஒரு துண்டு ராவிப் பார்க்கணும் சார்" என்றான். வாடா என்றேன். அவன் அம்மா கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் எதிரே வந்தபோது, நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடமும் இரண்டு பையன்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். காவல் டூட்டி, லெட்ஜர், பென்ஷன், பாதிக் காசு என்று எல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார வைத்தேன். பென்ஷன் வரை சொன்னேன். அதற்குள் ஒருவன், "1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துல ஓடணுமாமே சார்?" என்றான். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.