மூன்று இயங்குதளம், ஒரே கை

எழுத்துரு வரைவது என் தொழில். 'ண', 'ழு', 'ளூ' போன்ற எழுத்துகளின் வளைவுகளில் புள்ளிகளை நகர்த்தி நகர்த்தியே பகல் போய்விடும். ஆயிரம் அலகுச் சதுரத்துக்குள் வரைகிறோம். அதில் இரண்டு மூன்று அலகு பிசகினாலே சுழி கோணலாகத் தெரியும். அலுவலகத்தில் மேக். வீட்டு மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் அருகருகே இருக்கின்றன. மவுஸ் மட்டும் ஒன்றுதான், பையிலேயே வந்து போகிறது. அதே மவுஸ், அதே மேசை உயரம், அதே கை. ஆனாலும் இயங்குதளம் மாறியவுடன் கர்சர் புள்ளியைத் தாண்டிப் போகும், அல்லது எட்டாமல் நிற்கும்.

வேகம்தான் காரணம் என்று நினைத்து எல்லோரும் முதலில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். அதனால் பிரச்சினை தீராது. ஒவ்வொரு இயங்குதளமும் முடுக்கம் என்ற ஒன்றைத் தன் பங்குக்குச் சேர்க்கிறது. கை மெதுவாக நகர்ந்தால் கர்சர் குறைவாகவும், வெடுக்கென்று நகர்ந்தால் கை போன தூரத்துக்குப் பொருந்தாத அளவு அதிகமாகவும் ஓடும். கூடுதலாக எவ்வளவு ஓட வேண்டும் என்ற கணக்கை மூன்றும் மூன்று விதமாகப் போடுகின்றன. ஆகவே வேகத்தை எங்கே நிறுத்தினாலும் மூன்றும் ஒத்துப்போகாது. மெதுவான அசைவுக்குப் பொருத்தினால் வேகமான அசைவில் பிரியும்.

இதைச் சோதிக்க ஓர் அளவுகோல் போதும். மவுஸை அதன் பக்கத்தில் வைத்து ஐந்து செ.மீ. மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு அதே ஐந்து செ.மீ. வேகமாக இடப்பக்கம் இழுங்கள். கர்சர் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் முடுக்கம் இல்லை. தாண்டிப் போனால் இருக்கிறது. என் மவுஸை 800 டிபிஐயில் வைத்திருக்கிறேன், அதாவது ஓர் அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் வீதம் ஐந்து செ.மீ.க்குக் கர்சர் ஏறத்தாழ 1575 பிக்சல் போக வேண்டும். 1920 பிக்சல் அகலத் திரையில் இது தாராளமாக அடங்கும்.

விண்டோஸில் இந்த முடுக்கத்துக்கு 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் அந்தப் பெயரை நம்பித்தான் பலர் அதை அணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். கோடு வரைகிறவர்கள் அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலே உள்ள வேகக் கோட்டில் மொத்தம் 11 இடங்கள். நடுவில் இருக்கும் ஆறாவது இடத்தில் விட்டால் மவுஸின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று சரியாக நகரும்.

உபுண்டுவில் மவுஸைக் கவனித்துக்கொள்வது லிப்இன்புட் என்ற மென்பொருள். அதில் முடுக்கம் சேர்க்கும் 'அடாப்டிவ்', சேர்க்காத 'ஃபிளாட்' ஆகிய முறைகள் உண்டு. இயல்பாக வருவது அடாப்டிவ். புதிய பதிப்புகளில் அமைப்புகள் பக்கத்திலேயே முடுக்கத்தை அணைக்கலாம். பழைய பதிப்பு என்றால், உபுண்டுவின் திரை முகப்பான க்னோமின் அமைப்புகளை மாற்ற உதவும் 'க்னோம் ட்வீக்ஸ்' என்ற மென்பொருள் வேண்டும். ஃபிளாட்டுக்கு மாற்றி, வேகக் கோட்டை நடுவில் வைத்தேன். அளவுகோல் சோதனையில் விண்டோஸும் உபுண்டுவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த மகிழ்ச்சியைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும்.

மேக்கில்தான் நெடுங்காலம் வழியே தெரியவில்லை. 2022இல் வென்ச்சுரா பதிப்பு வரும்வரை அமைப்புகளில் முடுக்கத்தை அணைக்கும் பொத்தானே கிடையாது. டெர்மினலில் கட்டளை தட்ட வேண்டும். இப்போது மவுஸ் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் இருக்கிறது. அணைத்த பிறகும் வேகக் கோட்டில் எண் எதுவும் இல்லாததால் அளவுகோலை வைத்துக் கண்ணால்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. ஓர் எண் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது உருளை. 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து மேக்கில் விரல் போகும் திசையிலேயே பக்கமும் போகிறது. தொடுபலகைக்கு அது மிகப் பொருத்தம். மவுஸ் உருளைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மவுஸ் பக்கத்தில் அதை அணைத்தால் தொடுபலகையிலும் சேர்ந்தே அணைந்துவிடுகிறது. பெயர் இரண்டு இடத்தில் இருந்தாலும் விசை ஒன்றுதான். 'ஸ்க்ரோல் ரிவர்ஸர்' என்ற இலவச மென்பொருளை நிறுவித்தான் இரண்டையும் பிரித்தேன். க்னோமில் இவை தனித்தனி. அதைச் செய்தவர்களுக்கு என் நன்றி.

மடிக்கணினியில் இன்னொரு தொல்லை புளூடூத். விண்டோஸில் மவுஸை இணைத்துவிட்டு உபுண்டுவுக்குப் போனால் இணைப்பு இருக்காது. அங்கே இணைத்துவிட்டுத் திரும்பினால் விண்டோஸில் போயிருக்கும். இணைக்கும்போது கணினியும் மவுஸும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு இயங்குதளங்களும் ஒரே புளூடூத் சில்லைப் பயன்படுத்துவதால் மவுஸுக்கு அவை ஒரே கணினி. புதுச் சாவி வந்ததும் பழையதை மறந்துவிடுகிறது. விண்டோஸ் பதிவேட்டிலிருந்து சாவியை எடுத்து உபுண்டுவின் புளூடூத் கோப்பில் எழுதலாம், ஆனால் பொறுமை நிறைய வேண்டும். மூன்று கருவிகளுக்குத் தனித்தனி இடம் தரும் மவுஸ் இருந்தால், முதல் இடத்தை விண்டோஸுக்கும் இரண்டாவதை உபுண்டுவுக்கும் கொடுத்துவிடலாம். என் வேலை அப்படித்தான் நடக்கிறது. யுஎஸ்பி ரிசீவருடன் வரும் மவுஸ் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, இணைப்பின் நினைவு ரிசீவரிலேயே இருக்கிறது.

வாங்கும்போது இன்னொன்றையும் கடையில் கேளுங்கள்: டிபிஐ மவுஸுக்குள் சேமிக்கப்படுகிறதா, அல்லது கணினியில் நிறுவும் மென்பொருளிலா? மென்பொருளில் என்றால் அது இல்லாத இயங்குதளத்தில் உங்கள் 800 காணாமல் போய், மேலே சொன்ன கணக்கெல்லாம் வீணாகும்.

உபுண்டுவில் நடுப்பொத்தானை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை. உருளையை அழுத்தினால், கடைசியாகத் தேர்ந்தெடுத்த சொற்கள் கர்சர் இருக்கும் இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். வரையும்போது திரையை நகர்த்த அதே பொத்தானைத்தான் அழுத்துகிறேன். க்னோம் ட்வீக்ஸில் அணைக்கலாம்தான். கட்டுரைகளைத் திருத்தும் மாலைகளில் அந்த ஒட்டும் வசதி அவ்வளவு உதவுகிறது, அணைக்க மனம் வரவில்லை.