எத்தனை நாளைக்கு?

"அக்கா, ஆயுள் முழுக்க என்று மட்டும் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். வியாதிக்காரியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று என் அம்மாவைத்தான் பேசுவார்கள்."

மாமியார் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அந்த உசிலம்பட்டிப் பெண் என்னிடம் கேட்டுக்கொண்டது இதுதான். திரும்பி வந்த மாமியார் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கும்மா கோதுமை ஆகாது?" என்பது. "முதலில் இரத்தம் ஏறட்டும் அம்மா, பிறகு பேசுவோம்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அவளுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய் அது. குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்குவது தவிர அதற்கு வேறு வைத்தியம் கிடையாது. இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது முன்சிறுகுடல். இந்த நோய் அதிகம் சேதப்படுத்துவதும் அதைத்தான். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் அவளுக்கு ஹீமோகுளோபின் அசையாததற்குக் காரணம் அதுவே. வயிற்றுப்போக்கு இல்லை, சோகை மட்டும்தான். வட இந்தியாவைவிட நம் பக்கம் அரிதான நோய் என்பதால் அந்தச் சந்தேகம் யாருக்கும் சீக்கிரம் வரவில்லை.

அவளுடைய உடம்பு, அவளுடைய செய்தி. யாரிடம் எப்போது சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான். இதை இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டில் சமைப்பவர் மாமியார். சோறு தின்னும் ஊரில் கோதுமையை விடுவது பெரிய காரியமா என்று பலரும் நினைக்கிறார்கள். பரோட்டாவும் ரவை உப்புமாவும் கண்ணுக்குத் தெரிபவை, ஒதுக்கிவிடலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? அது சாம்பார், ரசம், ஊறுகாய் என்று இலை முழுக்கப் பரவிவிடும். கேழ்வரகு நல்லதுதான், கோதுமை அரைத்த மில்லிலேயே அதையும் அரைத்தால் பயனில்லை. மருமகளுக்கு இரத்தம் ஊறட்டும் என்று அந்த அம்மா தினமும் ஆற்றிக் கொடுத்த மால்ட் பானத்தில் பார்லி இருந்தது. அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். மாவுக்கென்று வீட்டிலேயே தனியாக ஒரு மிக்ஸி ஜாரும் வாங்கிவிட்டார். இத்தனை அக்கறை உள்ளவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அந்த அக்கறை "ஆயுள் முழுக்க" என்றதும் அப்படியே நிற்குமா என்று இன்னொரு பக்கம். மருமகளுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது, உடம்பில் சேர்த்துவைத்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் மெல்ல ஏறுகிறது. நான் பயந்த இடமே இதுதான். இரத்தம் ஏறியதும் நோய் போய்விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? "இனி விசேஷ வீட்டில் ஒரு பூரி சாப்பிடலாம் இல்லையா?" என்று அந்த அம்மா சந்தோஷமாகக் கேட்டார். கூடாது என்றேன், சாப்பிட்டால் குடல் மறுபடி புண்ணாகும், ஏறிய இரத்தமும் இறங்கும் என்றேன். எத்தனை நாளைக்கு என்று அவர் இந்த முறை கேட்கவில்லை. புரிந்துகொண்டுவிட்டாரோ, கேட்கப் பயந்தாரோ.

அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். அவள் சம்மதத்தோடு கணவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடமாவது சொல்லியிருக்கிறாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.